கரிம வேதியியல்: அம்பின் வால் எங்கே இருக்கிறது என்று பார்

கேள்வி: பேர்ணாம்பட்டுப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்துவிட்டு, வேலூரில் பி.எஸ்சி. வேதியியல் முதலாண்டு சேர்ந்திருக்கிறேன். முதல் இன்டர்னலில் கரிம வேதியியலில் 50க்கு 14. ஆங்கிலச் சொற்கள் வாயிலேயே நுழையவில்லை. "200 வினை இருக்கு, மனப்பாடம் பண்ணு, வேற வழியே இல்லை" என்கிறார்கள் சீனியர் அண்ணன்கள். அப்பா டேனரியில் வேலை செய்கிறார், வீட்டில் யாரையும் கேட்க முடியாது. ட்யூஷன் சேரலாமா, இல்லை மேஜரையே மாற்றிக்கொள்ளலாமா?

பதில்:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மேஜரை மாற்றாதே. 14 மார்க்குக்காக மாற்றுவதென்றால் நான் எப்போதோ மாற்றியிருக்க வேண்டும். என் முதல் டெஸ்ட்டில் எனக்கு 11. ஆசிரியர் என் தாளை வகுப்புக்கே வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையில் கொடுத்தார். அப்போது இது பிரிக்கப்படாத வட ஆற்காடு மாவட்டம், நம் பக்கத்துக் கல்லூரிகளெல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த காலம். பிறகு இதே பாடத்தை 30 வருஷம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றேன்.

சீனியர்கள் சொல்வதை முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். மனப்பாடம் பண்ணி முதல் செமஸ்டரைத் தாண்டியவர்கள் நிறைய பேர் உண்டு. ஆனால் அவர்களை மூன்றாம் செமஸ்டரில் பார்த்திருக்கிறேன். ஆல்கஹால் பாடம் வந்ததும் ஆல்கீன் மறந்துபோகும், அமீன் வந்ததும் ஆல்கஹால் மறந்துபோகும். டவுன் பஸ் மாதிரி, பின்னால் ஏறினால் முன்னால் இறங்கிவிடும். 200 என்பது வினைகளின் தலைக்கணக்கு. உள்ளே நடக்கிற காரியம் நாலைந்து வகைக்கு மேல் இல்லை.

அந்த நாலைந்துக்கும் பொதுவானது ஒன்று. எலக்ட்ரான் மிகுதியாக இருக்கிற இடம், எலக்ட்ரான் பற்றாக்குறையாக இருக்கிற இடத்துக்கு ஒரு ஜோடியைக் கொடுக்கிறது. (தனி உறுப்பு வினைகள் வேறு மாதிரி, ஒற்றை எலக்ட்ரான் கணக்கு. அதை இப்போதைக்குத் தள்ளி வை.) இந்தக் கொடுக்கல் வாங்கலைக் காட்டத்தான் வளைந்த அம்பு. 1922இல் கெர்மாக், ராபின்சன் இருவரும் பயன்படுத்த ஆரம்பித்தது, இன்றைக்கும் உலகம் முழுக்க அதுதான் வழக்கம். அம்பின் வால், எலக்ட்ரான் ஜோடி இப்போது இருக்கிற இடம். அம்பின் தலை, அது போய்ச் சேருகிற இடம்.

நான் திருத்திய தாள்களில் அதிகம் பார்த்த தப்பு எது தெரியுமா? அம்பு ஹைட்ரஜன் அயனியிலிருந்து கிளம்பும். ஹைட்ரஜன் அயனியிடம் ஒரு எலக்ட்ரான்கூட கிடையாது. கையில் காசே இல்லாதவன் மொய் எழுதுகிற கதை. பையன் புத்தகத்தைப் பார்த்து நெட்டுரு போட்டிருப்பான், படத்தில் ஓர் அம்பு இருந்தது ஞாபகம் இருக்கும், எந்தப் பக்கம் என்பது ஞாபகம் இருக்காது. உன் 14 மார்க் தாளை எடுத்துப் பார். நீ போட்ட ஒவ்வோர் அம்புக்கும் வால் எங்கே இருக்கிறது என்று கேள். வால் ஒரு தனி ஜோடியில் (எந்தப் பிணைப்பிலும் சேராத எலக்ட்ரான் ஜோடியில்) இருக்க வேண்டும், அல்லது ஒரு பிணைப்பில் இருக்க வேண்டும். வேறெங்கே இருந்தாலும் தப்பு. இந்த ஒரு சோதனையிலேயே போன மார்க்கில் பாதி எங்கே போனது என்று தெரிந்துவிடும்.

எளிய உதாரணம் ஒன்று. மெத்தில் புரோமைடோடு ஹைட்ராக்சைடு அயனி சேருகிறது. புரோமினின் எலக்ட்ரான் கவர்தன்மை 2.96, கார்பனுடையது 2.55. அதனால் பிணைப்பில் உள்ள ஜோடி புரோமின் பக்கம் சாய்ந்திருக்கும், கார்பன் கொஞ்சம் காய்ந்திருக்கும். ஹைட்ராக்சைடின் ஆக்சிஜனில் ஜோடி ஜோடியாக எலக்ட்ரான் இருக்கிறது. முதல் அம்பின் வால் ஆக்சிஜனின் தனி ஜோடியில், தலை கார்பனில். கார்பனால் நாலு பிணைப்புக்கு மேல் தாங்க முடியாது, ஆகவே இரண்டாவது அம்பு: வால் கார்பன்–புரோமின் பிணைப்பில், தலை புரோமினில். மெத்தனால் வந்தது, புரோமைடு அயனி கழன்றது. இதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஐந்து தடவை எழுது. ஹைட்ராக்சைடுக்குப் பதில் சயனைடு, அம்மோனியா, ஆல்காக்சைடு என்று மாற்றி எழுது. உன் 200இல் பத்துப் பதினைந்து இங்கேயே தீர்ந்துவிடும்.

இனி, வீட்டில் கேட்க யாரும் இல்லை என்றாயே, அது தப்பு. இன்றைக்கு ராத்திரி அப்பாவிடம் கேள்: பச்சைத் தோலிலிருந்து முடி எடுக்க என்ன போடுகிறீர்கள்? சுண்ணாம்பும் சல்பைடும் என்பார். ஏன் முடி மட்டும் கரைகிறது, தோல் கரையவில்லை என்று கேள். அவர் தன் அனுபவத்தில் ஏதாவது சொல்வார். வேதியியல் சொல்வது இது. முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அதன் இழைகளை ஒன்றோடொன்று கட்டிப்போட்டிருப்பது கந்தகம்–கந்தகப் பிணைப்புகள். சல்பைடு அயனியிடம் எலக்ட்ரான் ஏராளம். அது அந்தக் கந்தகத்தில் ஒன்றைத் தாக்குகிறது: அம்பின் வால் சல்பைடின் தனி ஜோடியில், தலை கந்தகத்தில். இரண்டாவது அம்பு கந்தகம்–கந்தகப் பிணைப்பிலிருந்து அடுத்த கந்தகத்துக்கு. கட்டு அறுந்தது, முடி கூழாகிவிடும். தோலின் முக்கியப் புரதம் கொலாஜன். அதில் இந்தக் கந்தகக் கட்டு ஏறக்குறைய கிடையாது, அதனால் தப்பிக்கிறது. மெத்தில் புரோமைடில் நடந்தது எதுவோ அதேதான் அப்பாவின் சுண்ணாம்புக் குழியிலும் நடக்கிறது. அந்தத் தண்ணீரில் அமிலம் கலக்கக்கூடாது என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். சல்பைடின் அதே ஜோடிகள் அப்போது ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொள்ளும், ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும், அது ஆளைக் கொல்லும்.

முடி போன தோலைப் பதப்படுத்துவதும் இதே கணக்குத்தான். குரோமியத்தில் பதப்படுத்திய ஈரத்தோலை 'வெட் ப்ளூ' என்று சொல்வார்களே, அதில் குரோமியம் அயனிக்கு ஜோடி கொடுப்பது கொலாஜனின் கார்பாக்சிலேட் தொகுதிகள். பழைய முறையில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு ஊறவைப்பார்கள். அதில் வேலை செய்வது டானின். டானின் என்றால் பீனால் தொகுதிகள் நிறைய உள்ள பெரிய மூலக்கூறு, அதன் ஹைட்ராக்சில்கள் கொலாஜனோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்ளும். அப்படிப் பதப்படுத்திய ஈரத்தோல் இரும்பில் பட்டால் கறுப்பாகக் கறை விழும், பிறகு போகாது. ஆய்வகத்தில் நீ பீனாலுக்கு நடுநிலை பெர்ரிக் குளோரைடு விட்டு ஊதா நிறம் பார்க்கிறாயே, அந்தச் சோதனையின் அண்ணன்தான் அந்தக் கறை. கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து மை காய்ச்சினவர்கள் நம் ஊர்க்காரர்கள். அவர்கள் யாருக்கும் பீனால் என்ற பெயர் தெரியாது.

ஆங்கிலச் சொற்கள் பற்றிக் கேட்டாய். தமிழ் வழியில் படித்தது உனக்குப் பாரம் என்று நினைக்கிறாய். ஒரு விஷயத்தில் அது லாபம். நியூக்ளியோபைல், எலக்ட்ரோபைல் இரண்டையும் ஆங்கில வழிப் பையன்கள் மாற்றி மாற்றிக் குழப்பிக்கொள்வதை வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். உன் பள்ளிப் புத்தகத்தில் என்ன இருந்தது? எலக்ட்ரான் கவர் பொருள். எலக்ட்ரானைக் கவர்வது, அதாவது தன்னிடம் இல்லாதது. சொல்லிலேயே விடை இருக்கிறது. கருக்கவர் பொருள் என்பதில் 'கரு' அணுக்கரு, நேர்மின் பக்கம். அதை நாடிப் போவது, அதாவது எலக்ட்ரான் உள்ளது. தாக்குகிற அம்பின் வால் எப்போதும் கருக்கவர் பொருளில், தலை எலக்ட்ரான் கவர் பொருளில். ஒரு நோட்டில் நடுவில் கோடு போட்டு இந்தப் பக்கம் தமிழ்ச்சொல், அந்தப் பக்கம் ஆங்கிலச் சொல்லின் உச்சரிப்பும் ஸ்பெல்லிங்கும் எழுதிக்கொள். 80 சொல் தேறும். ஒரு மாதத்தில் பழகிவிடும்.

எல்லாத் தமிழ்ச்சொல்லும் அப்படி உதவும் என்று சொல்லவில்லை. 'உடனிசைவு', அதாவது ரெசொனன்ஸ், எனக்குப் பிடிக்காத சொல். பென்சீன் இந்தப் படத்துக்கும் அந்தப் படத்துக்குமாக ஊஞ்சலாடுகிறது என்ற நினைப்பை அது உண்டாக்கிவிடுகிறது. ஆங்கிலச் சொல்லும் அதே கெடுதலைத்தான் செய்கிறது. பென்சீன் ஆடவே இல்லை. ஒற்றைப் பிணைப்பின் நீளம் 1.54 ஆங்ஸ்ட்ராம், இரட்டைப் பிணைப்பின் நீளம் 1.34. பென்சீனில் ஆறு பிணைப்பும் ஒரே அளவு, 1.39. கெகுலே 1865இல் வளையம் போட்டார், மூன்று இரட்டைக் கோடு போட்டார். கோடு போட்டுக் காட்டும் நம் முறையால் அந்த ஒரே மூலக்கூறை ஒரே படத்தில் காட்ட முடியவில்லை, அதனால் இரண்டு படம் போட்டு நடுவில் இருதலை அம்பு வைக்கிறோம். குறை நம் படத்தில் இருக்கிறது.

பதிலீட்டு வினைகளில் எஸ்.என்.1, எஸ்.என்.2 என்று இரண்டு வரும். காட்பாடி–பாகாயம் பஸ்ஸை நினைத்துக்கொள். எஸ்.என்.1 என்றால் உட்கார்ந்திருந்தவர் இறங்கிப் போய்விட்டார், சீட் கொஞ்ச நேரம் காலி, பிறகு யாரோ உட்காருகிறார். சீக்கிரம் நடக்குமா என்பது இறங்குபவர் கையில் மட்டும் இருக்கிறது, நிற்பவர்கள் பத்துப் பேரா நூறு பேரா என்பது பொருட்டில்லை. எஸ்.என்.2 என்றால் இவர் நெருக்கிக்கொண்டு உட்கார உட்கார அவர் எழுந்திருக்கிறார், இருவரும் சேர்ந்துதான் வேகத்தை முடிவு செய்கிறார்கள். இதற்கு மேல் பஸ் உதவாது. எஸ்.என்.2இல் புது ஆள் வருவது பின்பக்கத்திலிருந்து. அதனால் கார்பனின் மற்ற மூன்று கைகளும் பாலாற்றுப் பாலத்துக் காற்றில் குடை திரும்புவது மாதிரி திரும்பிக்கொள்ளும். வால்டன் இதை 1896இலேயே கவனித்தார், காரணம் விளங்க இங்கோல்டும் ஹியூஸும் வர வேண்டியிருந்தது. மூவிணையக் கார்பனில், அதாவது வேறு மூன்று கார்பன்களோடு இணைந்த கார்பனில், பின்பக்கம் மூன்று தொகுதிகள் அடைத்துக்கொண்டு நிற்கும், உள்ளே நுழைய இடமில்லை, அங்கே எஸ்.என்.1தான் வழி. அதோடு அந்த மூன்று தொகுதிகளும் எலக்ட்ரானைக் கொஞ்சம் தள்ளிக்கொடுத்து, ஜோடியை இழந்து நேர்மின் ஏறிய கார்பனை, அதாவது கார்பன் நேரயனியைத் தாங்கிப் பிடிக்கும். இந்த இரண்டு காரணத்தையும் எழுதினால் 5 மார்க் கேள்விக்கு 5 மார்க்.

கார்பன் நேரயனியின் நிலைப்புத்தன்மை புரிந்தால் மார்கோனிகாஃப் விதியைத் தனியாகப் படிக்கவே வேண்டாம். "பணம் இருக்கிறவனிடமே பணம் சேரும், ஹைட்ரஜன் இருக்கிற கார்பனிடமே ஹைட்ரஜன் சேரும்" என்று வகுப்பில் ஒரு வாய்ப்பாடு சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். பரீட்சைக்கு ஓடும். ஆனால் புரோப்பீனோடு ஹைட்ரஜன் புரோமைடு சேரும்போது அம்பு போட்டுப் பார். இரட்டைப் பிணைப்பிலிருந்து ஜோடி ஹைட்ரஜனைப் பிடிக்கிறது. ஓரக் கார்பனில் ஹைட்ரஜன் போனால் நடுக் கார்பனில் நேர்மின், அது ஈரிணைய அயனி, நிலைப்பு அதிகம். மாற்றிப் போனால் ஓரிணைய அயனி, நிலைப்பு குறைவு. ஆகவே புரோமின் நடுவில் போய் உட்காருகிறது, 2-புரோமோபுரோப்பேன். பெராக்சைடு சேர்த்தால் இது தலைகீழாகும், 1933இல் காராஷும் மேயோவும் காட்டியது. அங்கே வழியே வேறு, தனி உறுப்பு வழி. வாய்ப்பாட்டை மட்டும் படித்தவன் பெராக்சைடைப் பார்த்ததும் 'விதிவிலக்கு' என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வான்.

மனப்பாடமே வேண்டாமா என்றால், வேண்டும். வினைச்செயல் தொகுதிகள் ஒரு டஜன். ஆக்சிஜனேற்றி, ஒடுக்கிகளில் எது எவ்வளவு முரடு என்பது; லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு அமிலத்தையும் எஸ்டரையும்கூட ஒடுக்கும், சோடியம் போரோஹைட்ரைடு சாதாரணமாக ஆல்டிஹைடு, கீட்டோனோடு நின்றுகொள்ளும். அப்புறம் பி.கே.ஏ. எண்கள் ஆறேழு. இதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதே. ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுமார் மைனஸ் 7, கார்பாக்சிலிக் அமிலம் 5க்குப் பக்கம், கார்பானிக் அமிலம் 6.4, பீனால் 10, தண்ணீரும் ஆல்கஹாலும் 16க்குப் பக்கம், ஓர ஆல்கைன் 25, அம்மோனியா 38. எண் சிறிதானால் அமிலம் வலுவானது. இதை மேசைக்கு முன்னால் சுவரில் ஒட்டிவை.

இந்த எண்கள் என்ன செய்யும் என்று பார். பென்சாயிக் அமிலத்தில் சோடியம் பைகார்பனேட் போட்டால் நுரைத்துப் பொங்கும், பீனாலில் போட்டால் சும்மா இருக்கும். புத்தகத்தில் இது இரண்டு தனித்தனிச் சோதனை. உனக்கு ஒரே வரி: பென்சாயிக் அமிலம் 4.2, கார்பானிக் அமிலம் 6.4, பீனால் 10. கார்பானிக் அமிலத்தைவிட வலுவானதுதான் அதை விரட்டிக் கார்பன் டை ஆக்சைடாக வெளியே தள்ள முடியும். சரி, பிக்ரிக் அமிலம்? அதில் கார்பாக்சில் தொகுதி கிடையாது, அதுவும் ஒரு பீனால்தான். ஆனால் பைகார்பனேட்டில் பொங்கும். வளையத்தில் மூன்று நைட்ரோ தொகுதிகள் எலக்ட்ரானை இழுத்துக்கொண்டிருப்பதால் அதன் பி.கே.ஏ. 0.4 வரை இறங்கிவிடுகிறது. வைவாவில் இதைக் கேட்பது எனக்குப் பிடித்த விளையாட்டு. 'பொங்கினால் கார்பாக்சிலிக் அமிலம்' என்று நெட்டுரு போட்டவன் அங்கே மாட்டிக்கொள்வான்.

புறவெளி மாற்றியம், அதாவது அணுக்களும் இணைப்பும் ஒன்றாக இருந்து வெளியில் நிற்கிற அமைப்பு மட்டும் மாறுவது, முதலாண்டில் எல்லாரையும் பயமுறுத்தும் பகுதி. தாளில் தட்டையாக இருப்பதை மனசுக்குள் நிமிர்த்திப் பார்க்க வேண்டும், அது பழக்கம் இல்லாமல் வராது. பிளாஸ்டிக் மாடல் வாங்கக் காசு செலவழிக்காதே. சமையலறைக்குப் போ. ஓர் உருளைக்கிழங்கில் நாலு ஈர்க்குச்சி குத்து, எந்த இரண்டு குச்சிக்கும் நடுவில் கோணம் ஒரே மாதிரி இருக்கட்டும், அதுதான் 109.5 டிகிரி. குச்சி முனைகளில் சின்ன வெங்காயம், பூண்டுப் பல், நெல்லிக்காய், ஊறவைத்த கொண்டைக்கடலை. இப்போது கண்ணாடி முன்னால் வைத்து, கண்ணாடியில் தெரிவது மாதிரியே இன்னொன்று செய். இரண்டையும் எப்படிப் புரட்டினாலும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. இரண்டாவதில் பூண்டையும் வெங்காயத்தையும் இடம் மாற்றிக் குத்து, பொருந்திவிடும். ஏதாவது இரண்டு முனைகளை ஒரு தடவை மாற்றினால் எதிர் வடிவம் வரும் என்ற விதியை இனி நீ படிக்க வேண்டியதில்லை, கையால் செய்துவிட்டாய். 1874இல் வான்ட் ஹாஃபும் லெ பெல்லும் தனித்தனியாகச் சொன்ன நான்முகிக் கார்பன் இதுதான். முடிந்ததும் அம்மா குழம்புக்கு எடுத்துக்கொள்ளட்டும்.

குழம்பு என்றதும் புளி ஞாபகம் வருகிறது. புளியின் புளிப்புக்கு முக்கியக் காரணம் டார்டாரிக் அமிலம். அதில் சீர்மையற்ற கார்பன் (உருளைக்கிழங்கு மாதிரி நாலு கையிலும் நாலு வேறு தொகுதி உள்ளது) இரண்டு. இரண்டு இருந்தால் நாலு மாற்றியம் வர வேண்டும், ஆனால் இதில் மூன்றுதான். மூன்றில் ஒன்றான மீசோ வடிவத்தின் மேல்பாதி கீழ்பாதிக்குக் கண்ணாடி பிம்பம், அதனால் அதற்கு எதிர் வடிவம் கிடையாது, ஒளியையும் திருப்பாது. புளியில் இருப்பது ஒளியை வலப்பக்கம் திருப்பும் வடிவம். 1848இல் பாஸ்டருக்கு வயது 25. பாரிஸில் இந்த அமிலத்தின் வல, இட வடிவங்கள் சமமாகக் கலந்த வகையின் சோடியம் அம்மோனியம் உப்பைப் படிகமாக்கி, வலக்கைப் படிகம், இடக்கைப் படிகம் என்று இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்தார். அந்த உப்பு சுமார் 27 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் இரண்டு வகைப் படிகமாகத் தனித்தனியே விழும். அதற்கு மேலே என்றால் இரண்டும் கலந்த ஒரே வகைப் படிகம்தான் வரும், பொறுக்க ஒன்றும் இருக்காது. பாஸ்டர் வேலூரில் மே மாதம் அந்தக் கிண்ணத்தை ஜன்னலோரம் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

வெயில் என்றால் ஆய்வகத்துக்கு வருகிறேன். ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி. நம் ஊர் ஏப்ரலில் மதியம் இரண்டு மணிக்கு ஆய்வகத்தின் சூடே அதைத் தாண்டிவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எந்தக் கல்லூரி என்று சொல்ல மாட்டேன், ஒரு மதியம் ஈதர் பாட்டிலின் மூடியை ஒரு மாணவர் திருகினார். உள்ளே கட்டியிருந்த ஆவி புஸ்ஸென்று வந்தது. மூன்று முழம் தள்ளி அடுத்த பெஞ்சில் பர்னர் எரிந்துகொண்டிருந்தது. ஈதர் ஆவி காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், மேலே போகாது, மேசை மேலேயே தவழ்ந்து போகும். நீல நிறத்தில் ஒரு தீ மேசையோரமாக ஓடி வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஈரச் சாக்கு பக்கத்தில் இருந்ததால் தப்பித்தோம், அந்தப் பையனின் ரெக்கார்டு நோட்டு மட்டும் போயிற்று. தப்பு பையன்மேல் இல்லை. பர்னரை அணைக்கச் சொல்லாத என்மேல். அன்றிலிருந்து என் வகுப்பில் ஈதர் என்றால் காலை முதல் பீரியட், தீ எதுவும் இல்லாமல், பாட்டிலை ஐஸ் தண்ணீரில் வைத்துவிட்டு.

சேர்மத்தில் நைட்ரஜன், கந்தகம் உண்டா என்று பார்க்கும் லாசேன் சோதனையில் எல்லாரும் 'நைட்ரஜன் இல்லை' என்று எழுதிவிட்டு வருவார்கள். பெரும்பாலும் காரணம், பெரஸ் சல்பேட் கரைசல் நேற்றுச் செய்தது. அது காற்றில் பெர்ரிக்காக மாறிவிடும், பிறகு நீலம் ஒழுங்காக வராது. அன்றன்றைக்குச் செய்துகொள். நைட்ரஜனும் கந்தகமும் சேர்ந்திருந்தால் நீலத்துக்குப் பதில் ரத்தச் சிவப்பு வரலாம், அதைப் பார்த்துப் பதறாதே, அது தயோசயனேட். ஆல்டிஹைடைக் கண்டுபிடிக்கும் டாலன்ஸ் கரைசலைச் செய்த உடனே பயன்படுத்து, மிச்சத்தை நாளைக்கு என்று மூடி வைக்காதே. வைத்தால் வெடிக்கக்கூடிய வெள்ளிச் சேர்மம் உண்டாகும். சோதனைக்குழாய் சுத்தமாக இல்லாவிட்டால் வெள்ளிக் கண்ணாடி வராது, கறுப்புக் குழம்புதான் வரும்.

மறுபடிகமாக்கலில் அவசரப்படாதே. பென்சாயிக் அமிலம் கொதிநீரில் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேல் கரையும், 25 டிகிரியில் மூன்று நாலு கிராம்தான். அந்த வித்தியாசம்தான் உனக்குக் கிடைக்கப்போகும் படிகம். கொதிக்கும்போதே ஐஸில் வைத்தால் அழுக்கையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தூளாக விழும். முதலில் தானாக ஆறட்டும், பிறகு மண்பானைத் தண்ணீரில் வை. ஊசி ஊசியாக மினுங்கிக்கொண்டு இறங்கும். காயவைத்து உருகுநிலை பார். 122 டிகிரியில் கூராக உருகினால் நல்ல சரக்கு. 115இல் ஆரம்பித்து இழுத்துக்கொண்டே போனால் ஈரமோ அழுக்கோ இருக்கிறது. ரெக்கார்டில் 122 என்று பொய் எழுதாதே, வந்ததை எழுது. நான் பொய் எண்ணைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பேன், உன் ஆசிரியரும் கண்டுபிடிப்பார்.

படிக்கிற முறைக்கு வருவோம். கரிம வேதியியலைக் கண்ணால் படிக்க முடியாது, கையால்தான் படிக்க முடியும். ஒரு பக்கம் வெள்ளையான பழைய பேப்பர் கட்டு ஒன்று வாங்கிக்கொள். தினமும் முக்கால் மணி நேரம், அன்றைக்கு நடத்திய வினைவழியைப் புத்தகத்தை மூடிவிட்டு எழுது. தடைபட்டால் திற, பார், மூடு, மறுபடி முதலிலிருந்து எழுது. ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் ஐந்து மணி நேரம் உட்காருவது இதற்கு ஈடாகாது. நோட்டில் ஐந்து நிறப் பேனாவால் அழகாக எழுதுகிற வேலையும் வேண்டாம், அதில் கை ஓடும், தலை தூங்கும். பெயரிடும் முறை ஒரு வாரத்து வேலை. ஐம்பது சேர்மத்துக்குப் பெயர் வைத்தால் பழகிவிடும், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவன் ஒருவனைச் சேர்த்துக்கொள். நீ ஒரு வினையை அவனுக்குச் சொல்லிக்கொடு, அவன் "ஏன்" என்று மட்டும் கேட்கட்டும். மூன்றாவது "ஏன்"இல் நீ திணறுகிற இடம்தான் உனக்குத் தெரியாத இடம். சந்தேகத்தை ஆசிரியரிடம் கொண்டுபோகும்போது "சார், புரியலை" என்று போகாதே. நீ போட்ட அம்புகளோடு தாளை எடுத்துக்கொண்டு போய், "சார், இந்த அம்பு வரைக்கும் வந்துட்டேன், அடுத்தது தெரியலை" என்று கேள். அப்படிக் கேட்டு வந்த பையனை நான் ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை.

ட்யூஷன் இப்போது வேண்டாம். சத்துவாச்சாரியிலும் காந்தி நகரிலும் நல்ல ட்யூஷன்கள் இருக்கலாம், ஆனால் அங்கேயும் பெரும்பாலும் நோட்ஸ்தான் கிடைக்கும், உன் கை எழுதப் போவதில்லை. பேர்ணாம்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறாய் என்றால் அந்த நேரமும் போகும். அடுத்த இன்டர்னல் வரை நான் சொன்ன மாதிரி எழுதிப் பார். தாள் கைக்கு வந்ததும், மார்க் போன இடங்களில் ஒவ்வோர் அம்பின் வாலையும் பார்த்து எங்கே தவறியது என்று குறித்துக்கொண்டு எனக்கு எழுது. கூடவே, முடி ஏன் கரைகிறது என்று கேட்டதற்கு அப்பா என்ன சொன்னார் என்பதையும்.